எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன், கூடவே வரச் சொன்னார்கள்

போன மாதம் எங்கள் வீட்டு செப்டிக் டேங்கை இந்தக் கழிவுநீர் லாரிக்காரர்களை வைத்துத்தான் சுத்தம் செய்தோம். அண்ணன் தம்பி இரண்டு பேர், உதவிக்கு இன்னொருவர், ஒரே ஒரு லாரி, அவ்வளவுதான் இவர்களுடைய நிறுவனம். எங்கள் வீடு புதுச்சேரி அரியாங்குப்பத்தில், கட்டிப் பதினான்கு வருடம் ஆகிறது, தெருவுக்குப் பாதாள சாக்கடை இன்னும் வரவில்லை. ஒரு நடைக்கு 2,200 ரூபாய் வாங்கினார்கள், இரண்டு நடை ஆனது. இதே வேலைக்கு நடைக்கு 1,500 ரூபாய்க்கும் வண்டி வருகிறது. அது எனக்குத் தெரியும், மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு வண்டியைத்தான் கூப்பிட்டேன். அந்தக் கதையை முதலில் சொன்னால்தான் நடைக்கு எழுநூறு ரூபாய் கூடக் கொடுத்ததை நான் ஏன் குறையாகவே நினைக்கவில்லை என்று புரியும்.

அந்த வண்டி சாயங்காலம் வந்தது, அரை மணி நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் போனது, நாங்களும் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரும் நானும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆற்றுக்குப் போகிற வாய்க்கால் ஓரத்தில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு ஒரு லாரி நின்றது. பின்பக்கம் நசுங்கிய அதே பச்சை டேங்க். ஹோஸ் வாய்க்காலுக்குள் கிடந்தது, தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது, நாற்றம் வண்டியை நிறுத்த விடவில்லை. மறுநாள் போன் செய்து கேட்டேன். “எல்லாரும் இங்கதான் விடுறாங்க மேடம், உங்க வீட்டுல அடைப்பு போயிடுச்சில்ல” என்று வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் மூன்று வருடமாகச் சேர்ந்த மலக்கசடு, நான் கொடுத்த 1,500 ரூபாயில் ஆற்றுக்குப் போனது. அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டேதான் இருந்தது.

ஏன் இவ்வளவு அரித்தது என்றால், அந்த ஆறு எங்களுக்கு யாரோ ஒருவருடைய ஆறு இல்லை. மாமியார் வீராம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலாலேயே தடவி மட்டிச் சிப்பி எடுத்திருக்கிறார், இன்றைக்கும் அந்தப் பக்கத்து மட்டி என்றால் ஒரு தட்டு சோறு கூடச் சாப்பிடுவார். மட்டி தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டி அதில் இருப்பதைத் தின்று வாழ்கிற உயிர். தண்ணீரில் கிருமி இருந்தால் அதையும் சேர்த்து உடம்பில் தேக்கி வைத்துக்கொள்ளும். அரைகுறையாக வேகவைத்த மட்டியைச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை எல்லாம் அந்த வழியாக நேராக வீட்டுக்குள் வரும். சங்கராபரணி ஆறு கடலுக்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறாகத் துறைமுகத்துப் பக்கம் கடலில் சேர்கிறது, இன்னொன்று சுண்ணாம்பாறாகத் தெற்கே போய்ச் சேர்கிறது. நடுவில்தான் வீராம்பட்டினம். இரண்டு பக்கமும் ஆறு, முன்னால் கடல். மேலே இருக்கிற ஊர்கள் எதை ஊற்றினாலும் வந்து சேர்கிற இடம் அது.

கடலில் கலந்துவிட்டால் கரைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். கரையோர நீரோட்டம் இந்தக் கடற்கரையில் வருடத்தில் பெரும்பகுதி வடக்கே ஓடுகிறது, அதாவது பீச் ரோடு, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம். வடகிழக்குப் பருவமழை வந்ததும் திசை மாறித் தெற்கே ஓடும். அந்த மழையில்தான் வாய்க்காலில் தேங்கிய அத்தனையும் ஒரே வாரத்தில் அடித்துக்கொண்டு வரும். அப்போது அது போகிற பக்கம் வீராம்பட்டினம், அதைத் தாண்டிச் சின்ன வீராம்பட்டினம். அங்கே இருக்கிற ஈடன் பீச்சுக்கு 2021ல், சுத்தமான கடற்கரைக்குத் தருகிற நீலக்கொடிச் சான்று கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தச் சான்றுக்குக் கடல் தண்ணீரில் 100 மில்லிக்கு 250 ஈ.கோலைதான் (குடலில் வாழ்கிற பாக்டீரியா) உச்சவரம்பு. ஒரே ஒரு கிராம் மலத்தில் அது கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு லாரியில் எத்தனை கிராம் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைகளை அங்கே குளிக்க விடுகிறவர்கள் நாம்தான்.

சரி, இந்தத் தடவைக்கு வருகிறேன். ஆறேழு பேருக்குப் போன் செய்தேன், எல்லோரிடமும் ஒரே கேள்வி: எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்? இரண்டு பேர் உடனே வைத்துவிட்டார்கள், ஒருத்தர் “அது உங்களுக்கு எதுக்கு” என்றார், இன்னொருத்தர் “தோப்புக்குப் போவுது” என்றார். எந்தத் தோப்பு என்று கேட்டால் பதில் இல்லை. பச்சையாக எடுத்த கசடைத் தென்னைக்கு விடுவது உரம் போடுகிற காரியமும் இல்லை, குடற்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கடைசியாக இவர்களுக்குப் போட்டேன். தம்பிதான் எடுத்தார். “சுத்திகரிப்பு நிலையத்துக்குதான்க்கா. அங்க பணம் கட்டிதான் இறக்கணும், டீசலும் ஆவும், அதான் ரேட்டு கூட. நம்பிக்கை இல்லன்னா கூட வாங்கக்கா, காட்டுறேன்.” சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றே காலுக்குத்தான் வந்தார்கள். நடுவில் மூன்று தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. இது ஒரு பெரிய குறை, வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஆனால் வந்த பிறகு செய்த வேலையைப் பார்த்ததும் கோபம் குறைந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் ஹோஸை விடவில்லை. இரண்டு மூடியையும் கழற்றிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அப்படியே விட்டார்கள், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் அடைந்திருக்கும். இரண்டாவதுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக் குனிகிறவர் அப்படியே விழுவார். 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக வந்த விஷவாயுவில் மூன்று பேர் இறந்தது இந்த ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும், அதில் ஒருத்தி பதினைந்து வயதுப் பெண். அதற்குப் பிறகு அந்த நாற்றம் லேசாக வந்தாலும் எங்கள் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுகிறோம்.

அப்புறம் அண்ணன் ஒரு நீளக் கம்பை எடுத்தார். அதன் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துணி சுற்றிக் கட்டியிருந்தது. டேங்குக்குள் மெதுவாக அடி வரை இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாகவே வெளியே எடுத்தார். துணியில் கீழே முழங்கை நீளத்துக்குத் தார் பூசினது மாதிரி கறுப்பு, அதற்கு மேலே சாம்பல் நிற ஈரம். “இந்தக் கறுப்புதான் கசடு. டேங்கு ஆழத்துல மூணுல ஒரு பங்கு வந்துட்டா எடுத்துடணும், இது தாண்டிடுச்சு, பாருங்க” என்றார். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், என் டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். டேங்கு செய்கிற வேலை ரொம்ப எளிமையானது: கனமானது கீழே படியும், கொழுப்பும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகும். கீழே கசடு ஏறிக்கொண்டே வந்தால் நடுவில் தண்ணீர் நிற்க இடமே இருக்காது, உள்ளே வந்தது வந்த வேகத்தில் அப்படியே வெளியே போய்விடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்வது இதனால்தான். அடைத்துக்கொண்டால்தான் கூப்பிடுவது என்று வைத்திருப்பவர்கள் வீட்டு டேங்கு, அடைப்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே வேலை செய்வதை நிறுத்தியிருக்கும்.

இன்னொன்றும் கவனித்தார். எங்கள் டேங்கிலிருந்து உறிஞ்சுகுழிக்குப் போகிற குழாயோடு, தெருச் சாக்கடைக்கு ஒரு கிளைக் குழாயும் போகிறது. வீடு கட்டிய மேஸ்திரி எங்களுக்குச் சொல்லாமலே வைத்திருக்கிறார். அண்ணன் காட்டின பிறகு அதை சிமெண்ட் வைத்து அடைத்தோம். இந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

உறிஞ்சும்போது அடியில் இருக்கிற கெட்டிக் கசடு லேசில் வராது. சில வண்டிக்காரர்கள் மேல் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு டேங்கு காலி என்று சொல்லிவிடுவார்கள். இவர்கள் வண்டியிலிருந்தே அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சி, கலக்கி, திரும்ப உறிஞ்சினார்கள். அடியில் கொஞ்சம் மட்டும் வேண்டுமென்றே விட்டு வைத்தார்கள், டேங்குக்குள் திரும்ப நுண்ணுயிர் பெருகுவதற்கு அது தயிருக்கு உறை மாதிரி. யாரும் ஒரு கணம்கூட உள்ளே இறங்கவில்லை. மூலையில் ஒரு கட்டி சிக்கிக்கொண்டது, நானே “ஏணி வேணுமா” என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. “எவ்வளவு குடுத்தாலும் எறங்க மாட்டோம், எறக்கவும் விடமாட்டோம்” என்றார். அவர் சொன்னதுதான் சட்டமும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஒருவரை டேங்குக்குள் இறக்குவது குற்றம், வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் மாட்டுவார். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. அந்த ஏணிக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதல் நடை நிரம்பியதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு லாரி பின்னாலேயே போனேன். புதுச்சேரியில் லாஸ்பேட்டை, கனகன் ஏரி, திப்புராயப்பேட்டை என்று மூன்று இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 1.7 கோடி லிட்டர் அளவுக்குக் கட்டியது. நான் போன இடத்தை எழுத வேண்டாம் என்று அங்கே இருந்தவர் கேட்டுக்கொண்டார், அதனால் விட்டுவிடுகிறேன். வாசலில் பதிவேட்டில் வண்டி எண், நேரம், எந்த ஊர் லோடு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். லாரி கசடை ஒரே மூச்சில் திறந்துவிட விடவில்லை, வால்வைக் கொஞ்சமாகத் திறந்து சொட்டுச்சொட்டாக விடுவது மாதிரிதான் இறக்கினார்கள், அதற்கே நாற்பது நிமிடம் ஆனது. சாதாரண சாக்கடைத் தண்ணீரைவிட செப்டிக் கசடு பல மடங்கு கெட்டி, ஒரேயடியாக விழுந்தால் அங்கே வேலை செய்கிற நுண்ணுயிருக்கு மூச்சு முட்டிவிடும் என்று காரணம் சொன்னார்கள். முதல் சல்லடையில் மாட்டியதைப் பார்த்தேன்: நாப்கின், ஷாம்பு பாக்கெட், காது குடையும் குச்சி, ஒரு குழந்தைச் சட்டை. எங்கள் வீட்டுச் சாமான் எதுவும் அதில் இருந்துவிடக் கூடாதே என்று மனது அடித்துக்கொண்டது.

அங்கே ஒரு இளைஞர் ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில், காற்று ஊதிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து மேசை மேல் வைத்தார். கடுங்காப்பி நிறம். “முப்பது நிமிஷம் நில்லுங்க, பாருங்க” என்றார். நின்றேன். ஐந்து நிமிடத்தில் பால் திரிகிற மாதிரி உள்ளே சின்னச் சின்னத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தன. பத்தாவது நிமிடம் மேலே விரல் அகலத்துக்குத் தெளிவு வந்துவிட்டது, அதற்குக் கீழே கோடு போட்டது மாதிரி பழுப்பு. அந்தக் கோடு கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனது. முப்பதாவது நிமிடம் குடுவையின் முக்கால் பங்கு, வைக்கோல் நிறத்தில், பின்னால் இருந்த சுவரின் வெடிப்பு தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். மருந்து எதுவும் போடவில்லை. அந்தத் துணுக்குகள் எல்லாம் நுண்ணுயிர்க் கூட்டம், அழுக்கைத் தின்று கனத்துக் கீழே உட்கார்ந்துவிட்டன. “இந்தக் கோடு எறங்கலைன்னா பாக்டீரியாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு அர்த்தம், அன்னைக்கு எங்களுக்கு தூக்கம் போச்சு” என்று சொன்னார். பெரிய தொட்டியிலும் இதேதான் நடக்கிறது: ஒரே தொட்டியை நிரப்பி, காற்று ஊதி, அடங்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இறக்குகிறார்கள், எஸ்.பி.ஆர். என்று அந்த முறைக்குப் பெயர். அதற்குப் பிறகு குளோரின்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டு நகரங்களில் ஒரு நாளைக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது, சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர். மிச்சமெல்லாம் எங்கேயோ ஒரு வாய்க்காலில், ஏதோ ஒரு ஆற்றில், கடைசியில் கடலில். இந்தக் கணக்கை முன்பு எங்கோ படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அந்தக் குடுவை முன்னால் அரை மணி நேரம் நின்ற பிறகு அப்படிப் போக முடியவில்லை. அரியாங்குப்பம் வாய்க்காலில் அன்றைக்கு ராத்திரி கொட்டியதும் இதே மாதிரி தெளிந்திருக்க வேண்டிய தண்ணீர்தானே.

எங்கள் இரண்டாவது நடைக்கும் ரசீது கொடுத்தார்கள், நிலையத்தில் கட்டிய சீட்டின் நகலையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார்கள். இதை எல்லோரும் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இவர்களுக்குத் தருகிற மதிப்பீட்டில் ஐந்தாவது நட்சத்திரத்தை ஏன் நிறுத்தி வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தாமதமும் போன் எடுக்காததும் இருக்கட்டும். உதவிக்கு வந்தவர் கையில் உறை போட்டிருந்தார், காலில் சாதாரண ரப்பர் செருப்பு. ஹோஸைக் கழற்றும்போது வழிந்தது அவர் கால் மேலேயே விழுந்தது, போர்ட்டிகோவிலும் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டார்கள், ஆனால் அவர் கால்? கணுக்காலில் சிரங்கு மாதிரி ஒரு தழும்பு இருந்தது. அண்ணனிடம் நேரிலேயே சொன்னேன், பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் போடுவதில்லை, உள்ளே வியர்க்கிறது என்கிறார் என்றார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கடலைக் காப்பாற்றுகிறவர்கள் தங்களோடு வேலை செய்கிறவர் காலையும் காப்பாற்ற வேண்டும். பூட்ஸோடு வந்தால் அடுத்த தடவை ஐந்து நட்சத்திரம், இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

கூப்பிட நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். லாரி நுழைய ஒன்பது அடி வழி வேண்டும், அதற்கும் குறைந்த சந்து என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீள ஹோஸ் கொண்டு வருவார்கள். மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அதை உடைப்பது உங்கள் பொறுப்பு. கடையில் விற்கிற டேங்க் பவுடரைப் போட்டால் எடுக்கவே வேண்டாம் என்பதை நம்பாதீர்கள், நாங்கள் இரண்டு வருடம் போட்டோம், வேட்டித் துணியில் கறுப்பு கறுப்பாகத்தான் இருந்தது. பினாயிலையும் ஆசிடையும் கழிவறையில் தாராளமாக ஊற்றினால் உள்ளே இருக்கிற நுண்ணுயிர்தான் சாகும். எங்காவது ஆளை இறக்குவதைப் பார்த்தால் 14420க்குச் சொல்லுங்கள், 2020லிருந்து இருக்கிற அரசு உதவி எண் அது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கூப்பிட வேண்டாம். அரியாங்குப்பம், வீராம்பட்டினம், தேங்காய்த்திட்டு மாதிரி இடங்களில் மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், அந்த நேரத்தில் டேங்கைக் காலி செய்தால் கீழிருந்து தண்ணீர் தள்ளித் தொட்டியே விரிசல் விடலாம், லாரியும் மணலில் புதையும். பங்குனி சித்திரைதான் சரியான நேரம். நாங்கள் மூடியின் உள்பக்கம் பெயிண்டால் தேதி எழுதி வைத்துவிட்டோம், அதற்குப் பக்கத்திலேயே தம்பியுடைய போன் நம்பரும்.